தட்டைப் பிரிச்ச மரு

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இதை நானாச் சொல்லலை. அறந்தாங்கியில என் கறிக்கடைக்கு வர்றவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. "எலும்பே இல்லாம போடுங்க பாய்"னு ஒருத்தர் கேட்டா, "எலும்பில்லாத ஆடு எங்கிட்டு மேயுதுன்னு சொல்லுங்க, பிடிச்சிட்டு வாரேன்"னு வாய் தானா கெளம்பிரும். ஆனா கை சுத்தம், கத்தி சுத்தம், எடை சுத்தம். அதனாலதான் இம்புட்டு வருஷமா ஏச்சு வாங்கிக்கிட்டே அதே ஆளுக திரும்பத் திரும்ப வந்துக்கிட்டு இருக்காங்க. நான் சொல்ல வந்ததும் அந்தக் கையைப் பத்தித்தான்.

வீட்டுல நாங்க மூணே பேரு. நான், என் வீட்டுக்காரி, எங்க ஒத்தை மக. மூணு பேருக்கும் தட்டு ஒண்ணுதான். எங்க ஆளுக கல்யாணத்துல பெரிய வட்டத் தட்டுல சோத்தைக் கொட்டி, நாலஞ்சு பேரு சுத்தி ஒக்காந்து அதுலயே கை வச்சுச் சாப்பிடுவோம். சகன்னு சொல்லுவோம். மத்த வீட்டுல அது விசேஷத்துக்கு மட்டும். எங்க வீட்டுல தெனம் மத்தியானமும் அதுதான். கடையைக் கழுவிப் பூட்டி, குளிச்சிட்டு வந்து நான் ஒக்காந்தா தட்டு நடுவுல வந்துரும். நல்ல கறித்துண்டா பாத்து மக பக்கம் தள்ளுவேன். அவ அதை அவ அம்மா பக்கம் தள்ளுவா. அவ அம்மா என் பக்கம் தள்ளுவா. கடைசியில அது ஆறிப் போயி யாரு வாயிலயாவது போகும்.

இதுல எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. சண்டைன்னாத்தான் தனித்தட்டு. ஒரு தடவை என் மச்சினன் வீட்டுப் பால் காய்ச்சுறதுக்கு நான் போகலை. கடையில கூட்டம், விட்டுட்டுப் போக முடியலை. என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேக்கலையே! அடுப்படியில இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்துக்கிட்டு, சொவத்தைப் பாத்து ஒக்காந்து தனியா சாப்பிட்டா. தெருவுல நின்னு வஞ்சிருந்தாக்கூட எனக்கு அம்புட்டு ஒறைச்சிருக்காது. பெறகு மச்சினன் வீட்டுக்கு நானே ஒரு தொடைக்கறியைத் தூக்கிக்கிட்டுப் போயி சமாதானம் பண்ணிட்டு வந்த பொறவுதான் அந்தத் தட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போச்சு.

இப்படிப்பட்ட வீட்டுலதான் எனக்கு மரு வந்துச்சு.

வலது கை கட்டை வெரல்ல, உள்பக்கமா, நகத்தை ஒட்டி. மொதல்ல ஒரு குருணை அரிசி அளவுதான். சொரசொரன்னு இருந்துச்சு, உள்ள பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி. சாக்குல கையை வச்சா மாட்டும், கத்தியைப் பிடிச்சா அழுத்தும். மத்தவங்களா இருந்தா டாக்டரைப் பாப்பாங்க. நான் யாரு? ஒரு ஆட்டைத் தோலுல கீறல் விழாம உரிச்சு எடுக்கிறவன். இந்தத் தம்மாத்துண்டு மரு எனக்கு எம்மாத்திரம்னு, தோல் உரிக்கிற சின்னக் கத்தியைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து, ஒரே வழி. வழிச்சு எறிஞ்சுட்டேன்.

ரத்தம்னா ரத்தம், அப்படி ஒரு ரத்தம். தம்மாத்துண்டுக்குள்ள இம்புட்டு ரத்தம் எங்க இருந்துச்சுன்னு நானே அசந்துட்டேன். மஞ்சத்தூளை வச்சு அமுக்கி நிறுத்துனேன். கொஞ்ச நாள்ல அதே எடத்துல துவரை அளவுல திரும்ப வந்துச்சு. அதையும் வழிச்சேன். அப்பறம் பக்கத்து வெரல்ல ஒண்ணு, நடு வெரல்ல ஒண்ணு, மணிக்கட்டுல ரெண்டு மூணுன்னு கெளம்பிருச்சு. கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதைதான். இடது கையிலயும் வந்த பொறவுதான் கத்தியைக் கீழ வச்சேன். வீட்டுல கேட்டப்ப எல்லாம் கத்திக் காயம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பக்கத்துல தேங்காய் மண்டி வச்சிருக்கிற அண்ணன் என் கையைப் பாத்துட்டு, "பாய், இதுக்கு உப்பும் மொளகும் கோயில்ல போடணும். உப்பு கரையுற மாதிரி மரு கரைஞ்சிரும்"னாரு. நான் சிரிச்சேன். "நீங்க வர வேணாம். எங்க கொலதெய்வம் கோயிலுக்குப் போறேன், ஒங்களுக்காக நானே போட்டுட்டு வாரேன்"னு சொல்லி, சொன்ன மாதிரியே போட்டுட்டும் வந்தாரு. அந்த மனசு யாருக்கு வரும்? ஆனா மரு அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நாள் பாத்துட்டு அவரே, "சாமிக்கு ஒங்க அட்ரஸ் தெரியலை போல பாய்"னாரு.

பெறகு மெடிக்கல்ல ஒரு மருந்து தந்தாங்க. தடவுனா தோலு வெள்ளையா உரிஞ்சுச்சு, மரு போகலை. ஒரு கிளினிக்குல கரண்ட் வச்சுச் சுட்டாங்க. சுட்ட வாடை மூக்கை விட்டுப் போகுறதுக்குள்ள பழையபடி மொளைச்சிருச்சு. அங்க இருந்தவரு போறபோக்குல, "தொட்டாப் பரவும், பாத்து இருந்துக்கங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அந்த வார்த்தை எனக்குள்ள முள்ளா ஏறி ஒக்காந்துக்கிச்சு.

அதுக்கேத்த மாதிரி ஒரு நாள் கடையில ஒண்ணு நடந்துச்சு. வழக்கமா வர்ற ஒருத்தர், நான் பொறந்தது வளந்தது எல்லாம் தெரிஞ்ச ஆளு, தராசுல கறியைப் போடுறப்ப கறியைப் பாக்கலை, என் கையைப் பாத்தாரு. அப்பறம், "இன்னிக்கு வீட்டுல மீன் கேட்டாங்க பாய், மறந்தே போயிட்டேன்"னு மெதுவா நழுவிட்டாரு. அவமானமா இருந்துச்சு. நேரா போயி பிளாஸ்திரி வாங்கி வெரலு பூராச் சுத்தி, மேல ரப்பர் கையுறையும் மாட்டிக்கிட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் வீட்டுல பெரிய தட்டு வந்துச்சு. மக வழக்கம் போல என் வலது பக்கமா வந்து ஒக்காந்து சோத்துல கை வச்சா. அந்தக் கையைப் பாத்தேன். ஒரு வடு இல்லாத கை. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி அந்தச் சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்துட்டு வந்து, "எனக்கு இதுல வைங்க"ன்னேன்.

காரணம் சொல்லலை. கையில என்னன்னு கேட்டதுக்கு, அப்பவும் "கத்தி பட்டுருச்சு"ன்னு முடிச்சுட்டேன். கறிக்கடைக்காரன் கையில பிளாஸ்திரி இருக்கிறது வெள்ளிக்கிழமை ஜும்மா மாதிரி சகஜம், யாரும் மேல கேக்கலை. உள்ளதைச் சொல்லியிருக்கலாமே? சொன்னா என் மக என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். "இதுக்கா இம்புட்டுக் கூத்து"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துத் தட்டுல வச்சிருவா. அவ அப்படிப்பட்டவ. அதுக்குப் பயந்துதான் வாயைத் தொறக்கலை.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரி தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னா. மக காலேஜுல கூடப் படிச்ச ஒரு பையனைச் சொல்லுறாளாம். மீமிசல் பக்கம் வீடு, நம்ம ஆளுகதான், இப்ப சார்ஜாவுல வேலை. நான் "ம்"னு மட்டும் சொன்னேன். மறுநாளே மீமிசலுக்குப் போயி நாலு கடையில விசாரிச்சேன். ஒருத்தர் வாயிலயும் பையனைப் பத்திக் கொறையா ஒரு சொல்லு வரலை. வீட்டுக்கு வந்து, "பேசி முடிங்க, பையன் லீவுல வர்றப்பவே நிக்காஹை வச்சிருவோம்"னு சொல்லிட்டேன். அவங்க வந்து பாத்துட்டுப் போனாங்க, தேதியும் வச்சாச்சு. என் மனசுல சந்தோஷம்தான். ஆனா தெனம் மத்தியானம் நான் தனித்தட்டுலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

வீட்டுல பேச்சு கொறைஞ்சு போச்சு. கல்யாணக் கவலைன்னு நான் நெனச்சேன். மக எளைச்சா. சோத்தை அளைவா, பாதியில எந்திரிச்சுருவா. புடவை எடுக்கப் போகணும்னா, "என்ன அவசரம்"கிறா. பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன். ஆட்டோட பல்லைப் பாத்து வயசு சொல்லுற எனக்குச் சொந்த மக மொகத்தைப் பாத்து ஒண்ணும் தெரியலை.

ஒரு நாள் மத்தியானம், தனித்தட்டோட நான் ஒக்காந்தப்ப, அவ எதுத்தாப்புல வந்து நின்னா. "அத்தா, அந்த எடம் வேணாம். போன் போட்டுச் சொல்லிருங்க"ன்னா.

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "என்ன புள்ள, வெளையாட்டா? நீ கேட்ட, நான் சரின்னேன். தேதி வச்சாச்சு, ஜமாத்துல சொல்லியாச்சு. இப்ப வேணாம்னா? நான் மொகத்தை எங்க கொண்டு போயி வைக்க?"

"நீங்கதான் சரின்னே சொல்லலையே அத்தா."

"சொன்னேனே! ஒங்கம்மாகிட்டச் சொன்னேனே!"

"வாயால சொன்னீங்க." அவ கண்ணு என் தட்டு மேல இருந்துச்சு. "நான் அவரைச் சொன்ன வாரமே தட்டைப் பிரிச்சிட்டீங்க. ஒங்க மனசைக் கொன்னுட்டு எனக்கு ஒரு கல்யாணமும் வேணாம்." சொல்லிட்டு ஏங்கி ஏங்கி அழுதா.

யா அல்லா! தலையில கல்லு விழுந்த மாதிரி ஆயிருச்சு எனக்கு. என் வீட்டுக்காரியைத் திரும்பிப் பாத்தேன். அவளும் முந்தானையால மொகத்தைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. சேதி எப்படியோ முந்தியே என் காதுல விழுந்துதான் தட்டைப் பிரிச்சேன்னு, இத்தனை நாளா ரெண்டு பேரும் நெனச்சு வெந்துக்கிட்டு இருந்திருக்காங்க. இனியும் மருவை ஒளிச்சு வைக்கிற நேரமா அது? வெரல்ல சுத்துன பிளாஸ்திரியைப் பல்லால கடிச்சுப் பிச்சு எறிஞ்சு, கையை அவ மொகத்துக்கு நேரா நீட்டுனேன். "இந்தா பாரு! இதுக்குத்தான் பிரிச்சேன்! ஒனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு பிரிச்சேன்! போதுமா?"

அழுதுக்கிட்டே பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. "மருவா?"ன்னா.

"மருதான்."

"ஒரு மருவுக்கா அத்தா நீங்க..." சிரிப்பும் அழுகையும் சேந்து வந்து, தரையில ஒக்காந்துட்டா. அவ அம்மா எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுன திட்டு இருக்கே, எங்க கல்யாணம் ஆனதுல இருந்து சேத்து வச்சிருந்தது மொத்தமும் அன்னிக்கு வந்துச்சு. வாங்கிக்கிட்டேன். வேற வழி?

மறுநாள் கடையைப் பூட்ட வச்சு, மக என்னைப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏத்தி, தோல் டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா. பொம்பளை டாக்டர். ஒரு லென்ஸை வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. என்னென்ன வைத்தியம் பாத்தேன்னு கேட்டாங்க. உப்பு மொளகுல இருந்து கரண்டு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

"கத்தியால நீங்களே வெட்டுனீங்களா?"

"சுத்தமான கத்தி டாக்டரம்மா. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தது."

"கத்தி சுத்தம்தான். மருவுக்குள்ள இருக்கிற வைரஸ் சுத்தம் இல்லையே. நீங்க வெட்ட வெட்ட அதைப் பக்கத்துல வெதைச்சிருக்கீங்க. கறி, மீன் வெட்டுறவங்களுக்கு இது சகஜமா வரும். கை எப்பவும் ஈரம், பொடிப்பொடியாக் கீறல் வேற."

வெதைச்சிருக்கீங்கன்னு அவங்க சொன்னப்ப என் மக என்னை ஒரு பார்வை பாத்தா. நான் மின்விசிறியைப் பாத்தேன்.

"இனி சுட வேணாம், வெட்ட வேணாம். மருவுக்குள்ளயே நேரா ஊசி போட்டுப் பாப்போம்"னாங்க. என்ன மருந்துன்னு கேட்டேன். கொழந்தைங்களுக்குப் போடுற அம்மைத் தடுப்பூசின்னாங்க. நான் எந்திரிச்சுட்டேன். "டாக்டரம்மா, எனக்கு மக கல்யாணம் வருது. எனக்குப் போயி கைப்புள்ள ஊசியா?" மக சட்டையைப் பிடிச்சு இழுத்து ஒக்கார வச்சா.

டாக்டரம்மா கோவிச்சுக்கலை. பொறுமையா வெளக்குனாங்க. "ஒங்க ஒடம்புக்குள்ள காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. மரு தோலோட தோலா ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறதால அவங்க கண்ணுல படலை. இந்த மருந்தை அதுக்குள்ள வச்சா, அம்மை வந்துருச்சுன்னு எல்லாரும் அந்த எடத்துக்கு ஓடி வருவாங்க. வந்த எடத்துல மருவையும் பாத்துருவாங்க. ஒரு தடவை அடையாளம் தெரிஞ்சுட்டா, வேற எங்க இருந்தாலும் தேடிப் போயிப் பிடிப்பாங்க."

"எல்லாருக்கும் கேக்குமா?"

"நெறையப் பேருக்குக் கேக்குது. சிலருக்குக் கேக்குறது இல்ல. ஒங்களுக்குக் கட்டாயம் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடிச்சுச்சு. நானும் என் கறி பஞ்சா வேகும்னு யாருக்கும் சத்தியம் பண்ணுனது இல்ல. கையை நீட்டிட்டேன்.

இருக்கிறதுலயே பெருசு, கட்டை வெரல்ல இருந்த மொத மருதான். அதைத் தொடச்சு, ஊசியை உள்ள ஏத்துனாங்க. தோலு தடிச்சுக் கெடந்ததால ஊசி முரண்டு பிடிச்சு, அப்பறம் நறுக்குனு எறங்குச்சு. அல்லாவே! வெரலுக்குள்ள தேளு புகுந்துருச்சு. நான் போட்ட சத்தம் வெளிய சீட்டு எடுத்து ஒக்காந்திருந்தவங்களுக்கு எல்லாம் கேட்டுருச்சாம், ஒரு பாட்டியம்மா எந்திரிச்சுப் போயே போயிட்டாங்களாம். மருந்து ஏற ஏற மரு வெளுத்து உப்புச்சு. முடிஞ்சதும், பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த வெரலை நீட்டுனேன்.

"அவ்வளவுதான், நீங்க போகலாம்."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு வேணாம். இந்த ஒண்ணுல போட்டாப் போதும்."

"அது எப்படி டாக்டரம்மா? ஒரு ஆளுக்குச் சோறு போட்டா பந்தியில இருக்கிற எல்லாருக்கும் வயிறு ரொம்பிருமா?"

"பாக்கலாம். சில வாரம் கழிச்சு வாங்க, திரும்ப இதுலயே போடுவோம்"னு சிரிச்சாங்க. மக விடலை. ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டுமான்னு கேட்டா. பெருசா பயம் இல்லைன்னாங்க. "கேட்டீங்களா அத்தா, பயம் இல்லையாம்"னு அவ குதிச்சா. பெருசா இல்லைன்னா சிறுசா இருக்குன்னுதானே அர்த்தம்? நாளைக்கு மருதாணி போடப் போற கை. நான் ஒத்தைக் கால்ல நின்னுட்டேன். டாக்டரம்மா கை சுத்தமாயிருச்சுன்னு சொல்லுற வரைக்கும் தனித்தட்டுதான்னுட்டேன். அப்படின்னா கல்யாணத்துக்கு முந்தி சுத்தமாகணும்னா மக. ஆகும்னேன். எந்தத் தைரியத்துல சொன்னேன்னு இன்னிக்கும் தெரியலை.

சாயங்காலம் ஒடம்பு கணகணன்னு இருந்துச்சு, கை கடுத்துச்சு. போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்தேன். என் வீட்டுக்காரி கஞ்சியோட வந்து, "தடுப்பூசி போட்ட புள்ளைக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். அழுவாம படுங்க, முட்டாய் வாங்கித் தாரேன்"னா. தட்டைப் பிரிச்சதுக்கு அவ பழி வாங்க ஆரம்பிச்சுட்டான்னு புரிஞ்சு போச்சு.

அப்பறம் காத்திருந்தேன். மக தெனம் என் கையைப் போன்ல போட்டோ எடுப்பா. முந்தின போட்டோவோட வச்சுப் பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்குவா. ரெண்டாவது ஊசிக்குப் போனோம். அதே வெரல், அதே தேளு. அதுக்கும் ஒண்ணும் அசையலை. தேங்காய் மண்டி அண்ணன், "என்ன பாய், ஊசியும் மருவும் ஒண்ணா குடித்தனம் பண்ணுதா?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல். ஆனா உள்ளுக்குள்ள, கேக்கும்டா கேக்கும்னு ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சார்ஜாவுல இருந்து மாப்பிள்ளை வந்து எறங்கிட்டாரு. மூணாவது ஊசியும் போட்டாச்சு.

ஒரு நாள் காலையில, கறி வெட்டுற கட்டையைத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்தேன். கையுறையைக் கழட்டுனப்ப இடது மணிக்கட்டைப் பாத்தேன். என்னமோ கொறையுது. தண்ணியை ஊத்திக் கழுவிட்டுப் பாத்தேன். அங்க இருந்த மருவைக் காணோம். ஊசியே படாத கை அது! வலது கையைத் திருப்பிப் பாத்தா, நடு வெரல்ல இருந்தது கருவாடு மாதிரி காய்ஞ்சு சுருங்கிக் கெடக்கு. கடையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடுனேன். தெருவுல இருந்தே, "புள்ள! ஓடுதுக புள்ள! பயந்து ஓடுதுக!"ன்னு கத்துனேன். எதுத்த வீட்டுக்காரங்க ஆடுதான் அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு நெனச்சு வெளிய வந்துட்டாங்க.

ஒவ்வொண்ணா உதிர்ந்துச்சு. "பாத்தீங்களா பாய், சாமி இப்பத்தான் அட்ரஸைக் கண்டுபிடிச்சிருக்காரு"ன்னாரு மண்டி அண்ணன். இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஆனா எல்லாம் போயும், ஊசி வாங்குன அந்தப் பெருசு மட்டும் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கட்டை வெரல்லயே ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்க வந்து வீடு நெறைஞ்சிருச்சு. நான் அடுப்படி ஓரமா சின்னத் தட்டோட ஒக்காந்திருக்கிறதைப் பாத்து, "பொண்ணோட அத்தாவுக்கு இந்த எடத்துல மனசில்லை போல"ன்னு ஒரு குசுகுசுப்பு கெளம்புச்சு. என் காதுல விழுந்துச்சு. மக காதுலயும் விழுந்துச்சுன்னு அவ திரும்பிக்கிட்ட வேகத்துலயே தெரிஞ்சுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா கல்யாண வீட்டுல நின்னு மருவைப் பத்தியா பிரசங்கம் பண்ண முடியும்?

நிக்காஹுக்கு மொத நா காலையில குளிக்கிறப்ப பொருக்கு கழண்டு கையோட வந்துருச்சு. அடியில புதுத்தோல், இளஞ்செவப்பா. துண்டைக் கட்டிக்கிட்டே நின்னு பாத்தேன். போயிருச்சா, இல்ல உள்ள இன்னும் பதுங்கி இருக்கா? இதுல நான் தீர்ப்பு சொல்ல முடியாது. சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். வாசல்ல பந்தல் போட்டுக்கிட்டு இருக்காங்க. "நாளைக்கு நிக்காஹ், இன்னிக்கு எங்கிட்டுப் போறீங்க!"ன்னு என் வீட்டுக்காரி பின்னாடியே ஓடி வந்தா. "புதுக்கோட்டைக்கு. மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்"னு பஸ்ஸைப் பிடிச்சேன்.

டாக்டரம்மா லென்ஸை வச்சு, வெரலை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி ரொம்ப நேரம் பாத்தாங்க. "நீங்களே பாருங்க"ன்னு லென்ஸை என் கையில குடுத்தாங்க. "மரு இருந்த எடத்துல ரேகை ஓடாது. இப்ப ஒங்க ரேகை திரும்பி வந்துருச்சு." பாத்தேன். புதுத்தோலுல மெல்லிசா, கோடு கோடா, என் ரேகை. "இனி தட்டைச் சேக்கலாமா டாக்டரம்மா?"ன்னு கேட்டேன். "தாராளமா. கல்யாணச் சாப்பாடு எனக்கு இல்லையா?"ன்னாங்க. குடும்பத்தோட வரணும்னு வாயார அழைச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடுனேன்.

வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் நேரா நடுக்கூடத்துல ஒக்காந்தேன். "தட்டைக் கொண்டா"ன்னேன்.

"எந்தத் தட்டு?"ன்னா என் வீட்டுக்காரி.

"நம்ம தட்டு."

ஒரு நிமிஷம் என் மொகத்தைப் பாத்தா. உள்ள போயி பெரிய தட்டுல நெய்ச்சோத்தையும் கறியையும் கொட்டி நடுவுல கொண்டாந்து வச்சா. குசுகுசுத்த வாயெல்லாம் மூடிக்கிச்சு. "மகளைக் கூப்புடு"ன்னேன். வந்தா. ரெண்டு கையையும் முன்னாடி விரிச்சு நீட்டிக்கிட்டு வந்தா. வெரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும் ஈரம் காயாத மருதாணி.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். இதுக்காக ஊசி வாங்கி, இதுக்காக ஓடி, இன்னிக்குன்னு பாத்து இவளுக்குக் கை இல்ல! "எவ இன்னிக்குப் போடச் சொன்னது?"

"நாளைக்குக் கல்யாணம். இன்னிக்குப் போடாம அடுத்த வருஷமா போடுவாங்க?"ன்னா அவ அம்மா. கூடமே சிரிச்சுச்சு. மக மட்டும் சிரிக்கலை. என் வலது பக்கமா, அவ பழைய எடத்துல வந்து ஒக்காந்து, "நீங்களே ஊட்டுங்க அத்தா"ன்னா.

சோத்தைப் பெசஞ்சேன். ஊட்டுறப்ப வாய்க்குள்ள தள்ளி விடுறது கட்டை வெரல்தான். மொத வாய் வாங்கிக்கிட்டா. முழுங்கிட்டு, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அத்தா, கோவிச்சுக்கக் கூடாது. நெசமாவே மருவுக்காக மட்டும்தானா? அவரைப் பிடிக்காம இல்லையே?"ன்னு கேட்டா.

அன்னிக்கே கையைக் காமிச்சேன். டாக்டர்கிட்ட அவதான் கூட்டிக்கிட்டுப் போனா. தெனம் போட்டோ எடுத்தா. அப்படி இருந்தும் இத்தனை நாளா அந்தச் சந்தேகத்தை வயித்துல கட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. எனக்குக் கண்ணு நெறைஞ்சு தட்டே தெரியலை.

"பிடிக்கலைதான்"னேன். அவ மொகம் வெளுத்துச்சு. "எப்படிப் பிடிக்கும்? மீமிசல் பூரா விசாரிச்சேன். கொஞ்சமாவது கெட்ட பயலா இருந்தா, வேணாம்னு சொல்லி ஒன்னை வீட்டோட வச்சுக்கிட்டிருப்பேன். அதுக்கும் வழியில்லாம நல்லவனாப் பாத்துப் பிடிச்சிருக்க. அந்தக் கோவம்தான். வாயைத் தொற."

சிரிச்சா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல கொட்டுச்சு. தொடைக்க அவளுக்குக் கை இல்ல. என் இடது கையால தொடச்சு விட்டேன். எதுத்தாப்புல இருந்து என் வீட்டுக்காரி ஒரு நல்ல கறித்துண்டா பாத்து என் பக்கம் தள்ளி விட்டா. நான் அதை எடுத்து மக வாயில வச்சேன்.